இல்லாத சஞ்சீவியும் இருக்கிற பூவும்

நமது பழைய தஞ்சை ஜில்லாவில் மலை கிடையாது. வேதாரண்யத்துக்குத் தெற்கே கோடிக்கரைக் காட்டில் ஒரு மணல்மேடு இருக்கிறது. அந்தக் காட்டிலேயே உயரமான இடம் அதுதான். சில அடி உயரமே உள்ள அந்த மேட்டையும் சும்மா விடாமல், அதன்மேல் ஒரு ஜோடிப் பாதத்தை வைத்து "இராமர் பாதம்" என்று பெயரிட்டிருக்கிறார்கள். மேடு என்று ஒன்று கண்ணில் பட்டால் அதன்மேல் ஒரு தெய்வத்தை ஏற்றி வைக்காமல் நம்மவர்களுக்குத் தூக்கம் வராது. அப்படியிருக்க, கண்ணில் படாத மலையைப் பற்றிக் கேட்க வேண்டுமா? காவிரிப் பாசனத்தில் பிறந்து, வரப்பையும் ஆற்றங்கரையையும் தவிர வேறு உயரம் காணாமலே வயதாகிப் போன நம் ஜனங்களிடம் ஒருவன் வந்து, "எட்டாத மலை, ஏற முடியாத பாறை, அதன் இடுக்கிலே ஒரு மூலிகை, அதை முகர்ந்தால் செத்தவன் எழுந்து உட்காருவான்" என்று சொன்னால் இவர்கள் என்ன கண்டார்கள்? நம்புகிறார்கள். கையை மடியில் விட்டுக் காசையும் எடுக்கிறார்கள். எட்டாத இடத்தில் இருக்கிறது என்பதுதான் இந்த வியாபாரத்துக்கு முதல். எட்டுகிற இடத்தில் இருந்தால் யாராவது போய்ப் பார்த்துவிட்டு வந்து குட்டை உடைத்துவிடுவார்கள் அல்லவா?

நிற்க. ஏற முடியாத பாறையின் இடுக்கிலே முளைக்கிற அபூர்வமான பூ ஒன்று உண்மையாகவே இருக்கிறது. புராணத்தில் அல்ல, நமது நாட்டிலேயே, மகாராஷ்டிரத்தில், பூனாவுக்கு வடக்கே ஜுன்னர் பக்கத்திலும், புரந்தர் கோட்டை மலையிலும், மகாபலேசுவரப் பக்கத்திலுமாகச் செங்குத்தான மலைச் சுவர்களில் இருக்கிறது. அதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். படம் எழுதியிருக்கிறார்கள்; அளவெடுத்திருக்கிறார்கள். 1860களில் பம்பாய் மாகாணத்துக் காடுகளுக்கு அதிகாரியாக இருந்த டால்செல் என்ற வெள்ளைக்காரர் அதை முதன்முதலில் விவரித்து எழுதினார். அப்போது பம்பாய்க்குக் கவர்னராக இருந்தவர் சர் பார்ட்டில் பிரீயர் என்பவர். அந்தக் கவர்னரின் பெயரையே செடிக்குச் சூட்டி "பிரீரியா இண்டிகா" என்று பதிவு செய்துவிட்டார். கவர்னருக்குச் சலாம் போடுகிற வழக்கம் விஞ்ஞானிகளிடமும் உண்டு. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. மராத்தி ஜனங்கள் அதைச் "சிவசுமன்" என்கிறார்கள். சுமன் என்றால் பூ. சிவ என்றது கைலாயத்துச் சிவனை அல்ல, சத்ரபதி சிவாஜியை. அவர் பிறந்த சிவநேரிக் கோட்டையின் பாறைகளில் காணப்படுவதால் இந்தப் பெயர். நாமும் இங்கே அதைச் சிவநேரிப் பூ என்றே சொல்லிக்கொண்டு போவோம்.

நம் பக்கத்து வாசகர்களுக்கு விளங்கும்படி சொல்வதானால், இந்தச் செடி எருக்கஞ்செடிக்குத் தூரத்துப் பங்காளி. கள்ளிமுளையானுக்கு நெருங்கின பங்காளி. வறண்ட சீமைகளில் ஆடு மேய்க்கிற பிள்ளைகள் பிடுங்கி மென்று தின்னுகிற அந்தக் கள்ளிமுளையான்தான். அதைப் போலவே இதற்கும் சதைப்பற்றான தண்டு. அதிலே தண்ணீரைச் சேமித்து வைத்துக்கொள்ளும். ஆனால் பங்காளிகளுக்கெல்லாம் இலை என்று சொல்லத்தக்கதாக ஒன்றும் இல்லாதிருக்க, இதற்கு மட்டும் மழைக்காலத்தில் நல்ல இலைகள் விடும். மழை நின்று பாறை காய ஆரம்பித்ததும் இலையை உதிர்த்துவிட்டு, வெறும் தண்டாகக் கிடந்து அடுத்த மழை வரைக்கும் காலம் தள்ளும். பூ அய்ந்து கால் நட்சத்திரம் போல இருக்கும். நல்ல கருஞ்சிவப்பு, அதில் மஞ்சள் திட்டுகள். அகலம் ஏறக்குறைய ஒரு ரூபாய் நாணயத்தளவுதான். இந்தக் கூட்டத்துச் செடிகள் பலவற்றுக்கு வண்டும் தேனீயும் தரகர்கள் அல்ல, ஈதான் தரகன். விதை எருக்கம்விதை போலப் பட்டுக் குஞ்சம் கட்டிக்கொண்டு காற்றில் பறந்து போய் இன்னொரு இடுக்கில் விழும், ஒட்டினால் பிழைக்கும்.

இவ்வளவுதான் அதன் சங்கதி. அதை முகர்ந்து யாரும் எழுந்து உட்கார்ந்ததில்லை. அதைச் சூடி யாரும் மோட்சம் போனதில்லை. அதற்கு ஒரு தல புராணமும் கிடையாது.

அது ஏன் பாறைச் சுவரில் போய்த் தொங்குகிறது என்று கேட்கலாம். புராணக்காரனைக் கேட்டால், முற்பிறப்பில் ஒரு ரிஷிபத்தினி சாபம் பெற்றுப் பூவாகித் தவம் செய்கிறாள் என்று உடனே ஒரு கதை கட்டிக் கொடுப்பான். உண்மை என்னவென்றால், அந்த மலைகள் ஏறத்தாழ 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னே பூமி வெடித்து வழிந்த எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக உறைந்து உண்டானவை. மழையும் ஆறும் அறுத்து அறுத்துச் சுவர் போல் நிற்கின்றன. மலையின் தட்டையான இடமெல்லாம் மாடு மேய்கிறது, ஆடு கடிக்கிறது, கோடையில் புல்லுக்குத் தீ வைக்கிறார்கள். சுவரில் ஆடும் ஏறாது, தீயும் சரியாகப் பிடிக்காது. ஆகவே மற்ற இடத்தில் அழிந்தது போக எட்டாத இடத்தில் மிச்சமிருக்கிறது என்று கொள்வதுதான் பொருத்தமாயிருக்கிறது. இதற்குச் சாட்சி என்னவென்றால், அதே செடியில் ஒரு துண்டை ஒடித்துக் கொண்டுவந்து தொட்டியில் ஊன்றினால் சுலபமாக வேர் பிடித்துத் தழைக்கிறது. பூனாத் தாவர ஆராய்ச்சிக்காரர்கள் இப்படி வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். அய்ரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கள்ளி வளர்க்கிற பிரியர்கள் ஜன்னலோரத்தில் வைத்திருக்கிறார்கள். பாறையின் மகிமையும் இல்லை, தவத்தின் மகிமையும் இல்லை. பாறை அதற்குத் தப்பிப் பிழைத்த இடம், அவ்வளவே.

தொட்டியில் வளர்கிறதென்றால் பிறகென்ன கவலை என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு தண்டை ஒடித்து ஆயிரம் தொட்டியில் ஊன்றினாலும் அது ஆயிரம் செடியல்ல, ஒரே செடியின் ஆயிரம் பிரதி. ஒரு பூச்சியோ பூஞ்சையோ வந்து ஒன்றை வீழ்த்தினால் ஆயிரத்தையும் வீழ்த்திவிடும். நெல் போடுகிற நமக்கு இது தெரியாததல்ல. ஒரே ரக நெல்லை ஊர் முழுக்க நட்ட வருஷத்தில் குலைநோய் வந்தால் என்ன நடக்கும் என்று எந்த விவசாயியும் சொல்லுவான். மலைச் சுவரில் விதையிலிருந்து முளைத்து, ஒன்றுக்கொன்று கொஞ்சம் வித்தியாசமாக இருக்கிற செடிகள்தான் அந்த இனத்தின் முதல். அந்த முதல் குறைந்துகொண்டே வந்துதான், உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தார் ஒரு காலத்தில் உலகத்திலேயே மிகவும் ஆபத்தான நிலையிலிருக்கும் 12 செடிகளைக் குறித்தபோது, இதையும் அதில் சேர்த்தார்கள். உலகம் முழுவதற்கும் பன்னிரண்டு. அதில் ஒன்று நம் நாட்டுப் பாறையில். இந்தச் சேதி நம் பள்ளிக்கூடப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? அனுமார் எந்தக் கையில் மலையைத் தூக்கினார், எந்தக் கையில் கதையைப் பிடித்தார் என்று கேட்டால் மூன்று வயதுக் குழந்தையும் காலண்டரைப் பார்த்துச் சொல்லிவிடும்.

சிவநேரி என்றதும் இன்னொரு விஷயம் நினைவுக்கு வருகிறது. தஞ்சாவூர்க்காரர்களுக்கு அது அந்நியமான ஊர் அல்ல. சிவாஜியின் மாற்றாந்தாய் மகனாகிய ஏகோஜிதான் 1670களில் தஞ்சையைப் பிடித்து மராத்தியர் ஆட்சியை இங்கே ஏற்படுத்தினான். அந்த வமிசத்துச் சரபோஜிதான் சரசுவதி மகாலைப் பெருக்கினான். அந்தச் சிவாஜிக்கு 1674இல் முடிசூட்டு விழா என்று வந்தபோது என்ன நடந்தது? கோட்டை கோட்டையாகப் பிடித்த வீரனை, "நீ க்ஷத்திரியனல்ல, உனக்கு வைதிக முறைப்படி முடிசூட்ட முடியாது" என்று உள்ளூர் வைதிகர்கள் தடுத்தார்கள். பிறகு காசியிலிருந்து காகபட்டர் வரவழைக்கப்பட்டு, ராஜபுத்திர வமிசாவளி ஒன்று தேடிக் கொடுக்கப்பட்டு, நாற்பது வயதுக்கு மேல் பூணூல் சடங்கும் செய்து, தானமாகப் பொன்னும் வாரி இறைத்த பின்புதான் முடி தலையில் ஏறிற்று. இதை வைத்துத்தான் அறிஞர் அண்ணாதுரை "சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்" என்ற நாடகத்தை எழுதினார்.

அதே சிவநேரியில் பிறந்த பூவுக்கு நடந்ததைப் பாருங்கள். டால்செல் அதைத் தனிக் குலமாக வகுத்து வைத்தார். பங்காளிகளுக்கு இல்லாத இலை இதற்கு இருக்கிறதே என்பது காரணம். பின்னால் வந்தவர்கள், "இலை ஒன்றை வைத்துத் தனியாகப் பிரிப்பது சரியா? பூவின் அமைப்பைப் பார்த்தால் இது கள்ளிமுளையான் கூட்டந்தானே?" என்று கேட்டார்கள். 1958இல் அதைக் "கரலுமா" என்ற குலத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அதற்கும் பின்னால், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆராய்ச்சி இன்னும் முன்னேறவே, "பௌசெரோசியா" என்ற குலத்தில் வைத்தார்கள். இன்னும் பழைய பெயரையே சொல்லுகிறவர்களும் உண்டு; விவாதம் நடக்கிறது. யாரும் யாரையும் ஜாதிப் பிரஷ்டம் செய்யவில்லை. வகுத்தவர் பெரியவராயிற்றே, கவர்னர் பெயராயிற்றே என்று யாரும் வாயைப் பொத்திக்கொள்ளவில்லை. அத்தாட்சி வந்தது, ஏட்டைத் திருத்தினார்கள். பூவுக்குக் குலம் வகுத்தவன் தன் வகுப்பைத் தானே அழித்து எழுதுகிறான். மனிதனுக்கு வருணம் வகுத்தவர்களோ, அத்தாட்சி மலை போல் குவிந்த பிறகும் ஒரு எழுத்தை மாற்றச் சம்மதிக்கவில்லை. இந்த இரண்டுக்கும் "சாஸ்திரம்" என்று ஒரே பெயரை வைத்திருக்கிறோமே, அது ஒரு வேடிக்கை.

இனிச் சஞ்சீவிக்கு வருவோம்.

2016ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் உத்தரகண்ட் ராஜ்ய சர்க்கார், இமயமலையில் துரோணகிரிப் பக்கத்தில் சஞ்சீவி மூலிகையைத் தேடிக் கண்டுபிடிப்பதற்காக 25 கோடி ரூபாய் செலவிடப் போவதாக அறிவித்தது. மத்திய சர்க்காரைக் கேட்டுப் பார்த்துக் கிடைக்காமல், ராஜ்யத்துச் சொந்தப் பணத்திலேயே செய்வோம் என்றார்கள். அறிவித்தவர் கோயில் தர்மகர்த்தா அல்ல, சுகாதார மந்திரி! பிரசவத்துக்கு மலையிலிருந்து தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியிருக்கிற ஒரு ராஜ்யத்தின் சுகாதார மந்திரி. செடியின் பெயர் தெரியாது, உருவம் தெரியாது, இலை எப்படி, பூ எப்படி என்று தெரியாது. இராமாயணத்தில் எழுதியிருக்கிறது என்ற ஒன்றுதான் விலாசம். அந்த விலாசத்தைக் கொண்டு 25 கோடி ரூபாய்க்குத் தேடுவதென்றால், அடுத்தபடியாகப் பாற்கடலில் மீன் பிடிக்க லைசென்சும் கொடுக்கலாம்.

இதிலே இன்னொரு ருசிகரமான சங்கதி உண்டு. அந்தத் துரோணகிரி என்ற மலைக் கிராமத்து ஜனங்கள் அனுமாரைக் கும்பிடுவதில்லை. ஏன் தெரியுமா? எங்கள் மலையைக் கேட்காமல் பெயர்த்துக்கொண்டு போன திருடன் என்று அவர்களுக்குக் கோபம்! கதையை நம்பினாலும் நியாயத்தை விடாத ஜனங்கள். நமக்கு அவர்களிடத்தில் ஒருவித மரியாதையே உண்டாகிறது. இங்கே நம்மூரில் மலையைப் பறிகொடுத்தவனும் கும்பிடுவான், நிலத்தைப் பறிகொடுத்தவனும் கும்பிடுவான்.

அந்த மலை ஒன்றுதானே, எத்தனை இடத்தில் விழுந்திருக்கிறது பாருங்கள். இராசபாளையத்தில் ஒரு சஞ்சீவி மலை. குமரி ஜில்லாவில் மருந்துவாழ் மலை. இலங்கையில் காலித் துறைமுகத்தின் ஓரத்தில் ரூமஸ்ஸல என்ற குன்று. எல்லாம் அனுமார் கை தவறிச் சிந்தினது என்கிறார்கள். சிந்தினதே இவ்வளவு என்றால் போய்ச் சேர்ந்தது எவ்வளவு இருக்கும்? பாரதிதாசன் 1930இலேயே "சஞ்சீவி பர்வதத்தின் சாரல்" என்று ஒரு காவியம் எழுதி, மலையைத் தூக்கின கதையைச் சொல்லிப் பாகவதர் தட்டில் காசு வாங்கிக்கொண்டு போவதைச் சந்தி சிரிக்க வைத்தார். தொண்ணூறு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. பாகவதரின் தட்டுக்குப் பதிலாகச் சர்க்காரின் பட்ஜெட் வந்திருக்கிறது.

விஞ்ஞானம் படித்தவர்களிலும் சிலர் இந்த வேலையில் இறங்கினார்கள். 2009இல் பெங்களூரைச் சேர்ந்த ஆராய்ச்சிக்காரர்கள், சஞ்சீவி என்று பெயர் வழங்குகிற செடிகளையெல்லாம் திரட்டி, சல்லடை போட்டுச் சலித்து, கடைசியில் மூன்று செடிகளைப் பொறுக்கி எடுத்து எழுதினார்கள். அதில் ஒன்று பாறைகளில் வளர்கிற "செலாஜினெல்லா" என்ற பூக்காத செடி. காய்ந்தால் உள்ளங்கை போலச் சுருண்டு உருண்டையாகிவிடும். தண்ணீரில் போட்டால் சில மணி நேரத்தில் விரிந்து பச்சையாகும். இதைத்தான் சந்தைகளில் சஞ்சீவி என்று விற்கிறார்கள். தஞ்சாவூரில் ஒரு திருவிழாக் கடையில் ஒருவர் வெண்கலச் சொம்புத் தண்ணீரில் இதைப் போட்டு வைத்துக்கொண்டு, "செத்த செடி பிழைக்கிறது பார், செத்த மனிதன் பிழைக்க மாட்டானா?" என்று கூவினதை நாமே நின்று கேட்டிருக்கிறோம். பக்கத்தில் நின்ற ஒரு கிழவர், "அய்யா, அது செத்திருந்தால்தானே பிழைக்கிறதுக்கு? தாகமாய்க் கிடந்தது, தண்ணி குடிச்சுது" என்றார். கூட்டம் சிரித்துவிட்டது. ஆராய்ச்சிசாலையில் சொல்லுவதும் அந்தக் கிழவர் சொன்னதுதான். அந்தச் செடியின் உயிரணுக்கள் நீர் வற்றினாலும் உடையாதபடி தங்களைக் காத்துக்கொள்ளுகின்றன; அதற்குச் சாவு வரவேயில்லை. ஆனால் கிழவரின் பேச்சைக் கேட்ட பிறகும் இரண்டு பேர் ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொண்டுதான் போனார்கள்.

25 கோடி ரூபாய்க்கு இல்லாத செடியைத் தேடின அதே ராஜ்யத்தில், இருக்கிற செடியின் கதி என்ன? அந்த ராஜ்யத்தின் சொந்தப் பூ, சர்க்கார் முத்திரை பெற்ற ராஜ்ய மலர், பிரம்மகமலம் என்பது. இமயமலையில் மிக உயரத்தில், பாறையும் பனியுமான சரிவுகளில் வளர்வது. அதைக் கேதாரநாத்திலும் பத்ரிநாத்திலும் பூஜைக்கென்று பறித்துக்கொண்டு வந்து குவிக்கிறார்கள். விதையாக வேண்டிய பூ, சாமி காலடியில் வாடி மறுநாள் குப்பைக்குப் போகிறது. இல்லாததைத் தேடப் பணம். இருப்பதைப் பறிக்கப் பக்தி! நம்மூரில் இந்தப் பைத்தியத்துக்கு இன்னொரு கிளையும் உண்டு. இரவில் பூக்கிற ஒரு வெள்ளைப் பூவைப் பிரம்மகமலம் என்று சொல்லி, அக்கம்பக்கத்தையெல்லாம் அழைத்துச் சூடம் காட்டி, சுண்டல் விநியோகம் செய்கிறார்கள். அது இமயமலைப் பூவே அல்ல; மெக்சிகோவிலிருந்து வந்த ஒரு கள்ளி. பிரம்மா எப்போது மெக்சிகோவுக்குப் போனார் என்று கேட்டால், "நாத்திகப் பேச்சு" என்கிறார்கள்.

சிரித்துவிட்டுப் போகலாமே, இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று சிலர் கேட்கக்கூடும். நஷ்டம் வயலில் வேலை செய்கிறவனுக்கு.

நமது ஜில்லாவில் வாசற்படிக்கு மேலே ஆகாசகருடன் கிழங்கு கட்டித் தொங்கவிடாத தெரு உண்டா? கருடன் என்று பெயர் இருப்பதால் பாம்பு வராதாம். அந்தக் கிழங்குக்கு அடியில், தரையில் பாய் போட்டுப் படுத்திருக்கிறவனைக் கட்டுவிரியன் கடிக்கிறது. கட்டுவிரியன் கடித்தால் பெரும்பாலும் வலிகூடத் தெரியாது. விடிவதற்குள் கண் இமை தொங்கி மூச்சு நின்றுவிடும். 2000 முதல் 2019 வரை இருபது வருஷத்தில் இந்த நாட்டில் பாம்பு கடித்துச் செத்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020இல் வெளியான ஒரு ஆராய்ச்சி கணக்கிட்டிருக்கிறது. வருஷத்துக்குச் சராசரி 58,000. இவர்கள் யார்? மாடியில் கட்டில் போட்டுப் படுப்பவர்களா? நாற்றுப் பறிக்கிறவர்கள், அறுப்பு அறுக்கிறவர்கள், இராத்திரியில் மடை திறக்கப் போகிறவர்கள். கடித்தவுடன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடாமல், மந்திரிக்கிறவன் வீட்டுக்கும், மலையிலிருந்து வந்த வேர் வைத்திருக்கிறவன் வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு போகிற அந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில்தான் உயிர் போகிறது. எங்களூர்ப் பக்கத்தில் ஒரு நடவாளுக்கு நேர்ந்ததும் இதுதான். வேரை அரைத்துக் கொடுத்தவன், அந்த அம்மாள் இறந்த பிறகு, "வேர் நல்ல வேர்தான், பறித்த நாள் அமாவாசை இல்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். சஞ்சீவி ஒருநாளும் தோற்பதில்லை. நாள்தான் தோற்கிறது, தீட்டு தோற்கிறது, நம்பிக்கை போதவில்லை.

விஷமுறிவு மருந்து எப்படிக் கிடைத்தது என்று பாருங்கள். 1890களில் கால்மெட் என்ற பிரெஞ்சுக்காரர் பிராணிகளின் உடம்பில் கொஞ்சம் கொஞ்சமாக விஷத்தை ஏற்றி, அந்த இரத்தத்திலிருந்து மாற்று மருந்து எடுக்கும் முறையைச் செய்து காட்டினார். இன்றைக்கு நம் நாட்டில் அது குதிரை இரத்தத்திலிருந்து தயாராகிறது. அதற்கு வேண்டிய விஷத்தைக் கொடுப்பவர்கள் யார்? மகாபலிபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில், 1978இல் ஏற்பட்ட கூட்டுறவுச் சங்கத்து இருளர்கள். ஊருக்குள் வரக்கூடாது என்று ஒதுக்கி வைக்கப்பட்ட ஜனங்கள்! நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் கையால் பிடித்து, விஷத்தை எடுத்துக்கொண்டு, மறுபடி காட்டில் விட்டுவிடுகிறார்கள். அனுமார் கொண்டுவராத சஞ்சீவியை இருளன் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். சர்க்கார் ஆஸ்பத்திரியில் காசில்லாமல் போடுகிறார்கள். தமிழ்நாட்டு சர்க்கார் 2024 நவம்பரில், பாம்புக் கடியைக் கட்டாயம் பதிவு செய்து தெரிவிக்க வேண்டியதாக உத்தரவும் போட்டிருக்கிறது. கடித்தால் கயிறு கட்டாதே, கீறாதே, உறிஞ்சாதே. கடிபட்ட காலையோ கையையோ அசைக்காமல் வைத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போ என்பதை ஒவ்வொரு களத்திலும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆகாசகருடனைக் கட்டுகிற நூலுக்கு ஆகிற செலவில் ஒரு கொசுவலைக்கு முன்பணம் கட்டலாம். வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகினால் கொசுவும் வராது, விரியனும் வராது.

இதைச் சொன்னதால், அப்படியானால் மருந்துக்கு உதவாத சிவநேரிப் பூவை மட்டும் எதற்குக் காப்பாற்ற வேண்டும் என்று நம்மையே சிலர் மடக்கப் பார்ப்பார்கள். ஒரு பொருளுக்கு மரியாதை வேண்டுமானால் ஒன்று அது சாமிக்கு ஆக வேண்டும், இல்லாவிட்டால் வயிற்றுக்கு ஆக வேண்டும் என்ற எண்ணத்திலேயே இவர்கள் வளர்ந்திருக்கிறார்கள். பூவுக்குள்ளேயே ஜாதி வைத்தவர்களாயிற்றே! தும்பை சாமிக்கு ஆகும், தாழம்பூ ஆகாது; ஏன் என்றால் தாழம்பூ பிரம்மாவுக்காகப் பொய்ச்சாட்சி சொல்லிச் சிவனிடம் சாபம் வாங்கிற்றாம். நம் வாய்க்கால் கரையில் வேலியாக நின்று மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிற தாழைக்கு இப்படி ஒரு கோர்ட்டுக் கேஸ்! நாம் சொல்லுவது வேறு. பாறையில் அந்தச் செடி பிழைக்கிற வித்தை, அதாவது மழையில் இலை விட்டு வெயிலில் இலையைக் கழற்றிப் போட்டு ஒரு சொட்டுத் தண்ணீரில் எட்டு மாதம் காலம் தள்ளுகிற வித்தை, எத்தனையோ லட்சம் ஆண்டுகளில் உண்டானது. அதைத் தொலைத்துவிட்டால் எந்த யாகத்தாலும் திரும்பி வராது. காவிரியில் தண்ணீர் வராத வருஷத்தை எண்ணி எண்ணிப் பார்க்கிற நமக்கு, குறைந்த தண்ணீரில் பிழைக்கத் தெரிந்த ஒரு உயிரின் அருமை மற்றவர்களைவிட அதிகமாகவே தெரிய வேண்டும்.

தெய்வம் காப்பாற்றும் என்பவர்களுக்கு நம் பக்கத்திலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. காவிரியைக் கமண்டலத்தில் அடைத்து வைத்திருந்ததாகச் சொல்லப்படுகிற அகஸ்தியர் குடியிருக்கும் மலை என்று பொதிகைப் பக்கத்து அகஸ்தியர் மலையைச் சொல்லுகிறார்கள். அந்த மலையின் பாறைச் சரிவுகளில் செருப்பு வடிவத்தில் மஞ்சள் பூப் பூக்கிற ஆர்க்கிடு ஒன்று உண்டு. தென்னாட்டில் அந்த ஜாதி ஆர்க்கிடு அது ஒன்றுதான். 1865இல் துருரி என்ற கர்னல் கண்டார். பிறகு நெடுங்காலம் யார் கண்ணிலும் படாமல், அழிந்தே போயிற்று என்று நினைத்திருந்து, 1972இல் மறுபடி கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்த சேதி வெளியானதுதான் தாமதம், அலங்காரச் செடி வியாபாரிகளின் ஆட்கள் மலையேறிக் கூடை கூடையாகப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அகஸ்தியர் என்ன செய்தார்? விந்தியத்தை அமுக்கினவர், கடலைக் குடித்தவர், தம் வாசலில் பூத்த பூவைத் திருடன் கொண்டுபோகையில் ஒரு சாபம்கூடக் கொடுக்கவில்லை. பிறகு சர்வதேச உடன்படிக்கையில் அந்தச் செடியைச் சேர்த்து, காட்டுச் செடியை நாடு விட்டு நாடு வியாபாரம் செய்யக்கூடாது என்று தடுத்த பிறகுதான் கொஞ்சமாவது பயம் வந்தது. திருடினவர்களில் படித்தவர்களும் இருந்திருப்பார்கள். பேராசைக்கு ஆத்திகம் நாத்திகம் கிடையாது. ஆனால் தடுத்தது சட்டமும் காவல்காரனும்தான்.

மலை இல்லாத நமக்கு இந்தப் படிப்பு எதற்கு என்று நினைக்க வேண்டாம். இந்த நாட்டுச் செடிகளை ஒழுங்காக ஆராய்ந்து பெயரிட்டு வகைப்படுத்துகிற வேலை தொடங்கின இடங்களில் ஒன்று நம் மாயவரத்துக்குப் பக்கத்துத் தரங்கம்பாடிதான். உலகத்துச் செடிகளுக்கெல்லாம் இரட்டைப் பெயர் வைக்கும் முறையை ஏற்படுத்தின லின்னேயஸிடம் நேரில் பாடம் கேட்ட கேனிக் என்பவர் 1768இல் அங்கே கப்பலிலிருந்து இறங்கினார். டேனிஷ்காரர்களிடத்தில் வைத்தியராக வந்தவர், வரப்பிலும் கடற்கரையிலும் திரிந்து செடிகளைச் சேர்த்து, உலர்த்தி, அய்ரோப்பாவுக்கு அனுப்பினார். அவருக்கு இடத்தையும் செடியையும் காட்டிக் கொடுத்த நம்மூர் ஆட்களின் பெயர் பெரும்பாலும் ஏட்டில் ஏறவில்லை. ஏறாததற்காக இன்று வருத்தப்படுகிறவர்கள், இன்றைக்குத் தங்கள் வீட்டுப் பிள்ளையை ஒரு செடியின் இலையை எண்ணிப் பார்க்கச் சொல்லுகிறார்களா? கோடிக்கரைக் காட்டுக்குப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனாலும் பாதத்தைத் தொட்டுக் கும்பிட வைத்துவிட்டுத் திரும்பி விடுகிறார்கள். சுற்றிலும் நிற்கிற மரத்துக்கும் பூண்டுக்கும் பெயர் கேட்பதில்லை.

கடைசியாக, சஞ்சீவி உண்டு என்று சாதிக்கிறவர்களுக்கு ஒரு யோசனை. பூனாவிலிருந்து சிவநேரிப் பூவைத் தொட்டியோடு ரயிலில் தஞ்சாவூருக்குக் கொண்டுவந்து சேர்க்க முடியும். அப்படிக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்து, இலை இது, தண்டு இது, பூ இது என்று நாங்கள் காட்டத் தயார். அவர்களும் சஞ்சீவியை ஒரு தொட்டியில் வைத்துக்கொண்டு அதே மேடைக்கு வரட்டும். நாளும் நட்சத்திரமும் அவர்கள் பார்த்துச் சொன்னபடியே இருக்கட்டும். அமாவாசையானாலும் எங்களுக்குச் சம்மதம். செத்த எலி ஒன்றை மட்டும் நாங்கள் கொண்டு வருகிறோம். அறுப்புக் காலத்தில் அதற்குப் பஞ்சமில்லை.